வெளியே பார்த்து நின்றவர்

அவருடைய முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மண்ணிறக் கம்பளி மேலங்கி ஒன்று வைத்திருந்தார். தேவாலயத்தில் அகதிகளுக்கென்று குவித்திருந்த உடுப்புகளில் எடுத்தது. இரண்டு தோள்களுக்கும் நடுவே, முந்திய சொந்தக்காரர் யாரோ தைத்துவிட்ட ஒரு நீண்ட தையல் அதில் இருந்தது. ரண்டர்ஸ் நகரில் தமிழர் நாலு பேர் கூடிய இடங்களிலெல்லாம் அந்தத் தையலைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் பேசுகிறவரைப் பார்த்தபடி இருப்பார்கள். அவர் மட்டும் ஓரத்தில், வாசலுக்கோ தெருவுக்கோ முகத்தைக் கொடுத்து, கைகளை மேலங்கிப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு நிற்பார்.

டென்மார்க்குக்கு வந்த நாளிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுதுவது என் வழக்கம். இதிலும் அப்படியே செய்கிறேன். அவருடைய பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. அவருக்கு ஒரு மகள் இருந்தாள். இப்போதும் எங்காவது இருக்கக்கூடும்.

எண்பதுகளின் நடுவில் எங்களை ஒரு பழைய தாதியர் விடுதியில் தங்கவைத்திருந்தார்கள். நீளமான விறாந்தை, இரண்டு பக்கமும் சிறிய அறைகள், கடைசியில் ஒரு பொதுச் சமையலறை. அனேகமாக எல்லாரும் இருபது வயதுக்காரர்கள். அவருக்கு நாற்பது நெருங்கியிருந்தது. ஊரில் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்தவர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, போகிறது என்று தெருவைப் பார்த்துக் குறிப்பதுதான் உத்தியோகம். அதனால்தான் இந்த மனிதருக்குத் தெருவிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை என்று முதலில் நினைத்தேன்.

ஊரில் இயக்கக்காரரோ ஆமிக்காரரோ காவலுக்கு நிற்கும் இடத்தைச் சென்றி என்போம். விடுதியில் தவம் என்று ஒருவன் இருந்தான், வாயாடி. அவன்தான் அவருக்குச் ‘சென்றி அண்ணை’ என்று பெயர் வைத்தான். சமையலறை வாசலில் அவர் நிற்கக் கண்டால், “சென்றி அண்ணை நிக்கிறார். இனிப் பயமில்லாமல் காட்ஸ் விளையாடலாம்” என்பான். அவர் கோபிக்க மாட்டார். திரும்பிப் பார்க்கவும் மாட்டார். “விளையாடு, விளையாடு” என்று தெருவைப் பார்த்தே சொல்லுவார்.

எங்கள் முதலாவது நத்தாருக்குத் தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். பாதிரியாரின் மனைவி உயரமான, உரக்கச் சிரிக்கிற பெண். எல்லாரும் கிறிஸ்மஸ் மரத்தைச் சுற்றி இருக்க, ஒருவர் மட்டும் கதவடியில் நிற்பதைக் கண்டு ஒரு கதிரையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் நன்றி சொல்லி வாங்கி, அதைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பிழையாகப் போட்டுவிட்டார் என்று நினைத்து அந்தப் பெண் கதிரையை உள்பக்கமாகத் திருப்பிக் கொடுத்தார். அவர் எழும்பி இடம் கொடுத்தார், மறுபடியும் நன்றி சொன்னார், மறுபடியும் கதவுப் பக்கம் திருப்பினார். கடைசியில் அந்தப் பெண் இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுத் தானும் கதவைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நத்தாருக்கென்று இங்கே செய்கிற குளிர்ந்த பால்சோற்றுத் தட்டு அவருடைய மடியில் இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே படிக்கட்டில் பனி விழுந்துகொண்டிருந்தது. சிறிது நேரம் பார்த்துவிட்டு, யார் வரப்போகிறார்கள் என்று கேட்கும்படி அந்தப் பெண் என்னிடம் சொன்னார். கொஞ்சம் டேனிஷ் பிடித்துக்கொண்டவன் என்பதால் மொழிபெயர்ப்பு எப்போதும் என் தலையில்தான்.

“ஆர் வரப்போகினம் எண்டு கேக்கிறா, அண்ணை.”

“ஒருத்தரும் வராட்டி நல்லம் எண்டு சொல்லு, தம்பி.”

அன்றைக்கு விடுதிக்குத் திரும்பி நடக்கும்போது அவர் சொன்னதைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன். இது நான் கேட்டது. ஊரில் ஒரு கூட்டம். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை. கூடப்பிறந்த தம்பியைத் தன் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். நல்ல பேச்சாம். சனம் கைதட்டியதாம், இவரும் தட்டினாராம். முதலாவது வெடியை அவர் கைதட்டல் என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்து தட்டியிருக்கிறார். பொலிஸ் பின்னாலிருந்து வந்தது. தம்பி விழுந்ததை இவர் காணவில்லை.

“நான் மேடையைப் பாத்துக்கொண்டு நிண்டன்” என்றார். தவத்திடம் இதைச் சொன்ன பிறகு அவன் ‘சென்றி’ என்பதை விட்டுவிடுவான் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை. ஆனால் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

அவருக்கு இங்கே இருக்கலாம் என்ற அனுமதி கிடைத்திருந்தது. மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் கொடுத்திருந்தார். விடுதியில் கலியாணம் செய்தவர்கள் எல்லாருக்கும் இதே கதைதான். அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால், பார்த்துக்கொண்டிருக்கிறோம், பொறுத்திருங்கள் என்ற பதில் வரும். மரியாதையான பதில். கேட்டவர்களுக்குக் கோப்பியும் கொடுத்தார்கள். ஊரிலிருந்து வந்த செய்திகளுக்குப் பொறுமை கிடையாது. மூன்று மாதத்துக்கு முன் புறப்பட்ட கடிதத்தைப் படித்துவிட்டு, எழுதிய ஆள் இன்றைக்கு இருக்கிறாளா என்று யோசிக்கிற நிலை. அவர் மனைவி ஒவ்வொரு கடிதத்திலும் மகளின் உயரத்தை எழுதுவாராம், கதவு நிலையில் எதுவரை வருகிறாள் என்று. அந்தக் கதவு எது என்று எனக்குக் காட்ட, அவர் விடுதிச் சுவரில் தன் வீட்டு வாசலை விரலால் வரைந்தது நினைவிருக்கிறது.

நகரசபைக்கு முன்னால் கூடி, குடும்பங்களைக் கெதியாக விடச் சொல்லிக் கேட்போம் என்று இளைஞர்கள் சிலர் யோசனை சொன்னார்கள். பெரும்பாலானோர் மாட்டோம் என்றார்கள். படம் எடுப்பார்கள், படம் கொழும்புக்குப் போகும், அங்கே ஆமிக்காரர் எங்கள் வீடுகளுக்குப் போவார்கள் என்பது அவர்களுடைய நியாயம். அதைச் சும்மா பயம் என்று தள்ள யாராலும் முடியவில்லை. எல்லாரையும்விடப் பயந்தவர் இவர்தான் என்று நான் அறிவேன். ஆனாலும், நான் வாறன் என்று முதலில் சொன்னவரும் இவர்தான். ஏன் அண்ணை என்று கேட்டேன்.

“நான் வராட்டி நீங்கள் எல்லாரும் முன்னுக்குப் பாத்துக்கொண்டு நிப்பியள்.”

பொலிசில் சொல்ல வேண்டும் என்று பாதிரியாரின் மனைவி சொல்லியிருந்தார். நானும் அண்ணையும் போனோம். மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட, நரைத் தலைப் பொலிஸ்காரர். கூட்டம் வைக்க அனுமதி கேட்டு வந்திருக்கிறோம் என்றேன். அனுமதி தேவையில்லை, முதல்நாள் சொன்னால் போதும், இப்போது சொல்லிவிட்டீர்கள் என்றார் அவர். நான் மொழிபெயர்த்தேன். அண்ணை அசையவில்லை.

“மாட்டன் எண்டு சொல்ல ஏலாதோ அவருக்கு? கேள்.”

கேட்டேன். பொலிஸ்காரர் யோசித்தார். அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் போலும். ஆபத்தான கூட்டம் என்றால் மறுக்கலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். பிறகு, நீங்கள் ஆபத்தானவர்களா என்று கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார்.

“இல்லை எண்டு சொல்லு. வடிவாச் சொல்லு.”

வடிவாகச் சொன்னேன். அடுத்ததாக, எத்தனை பேர் துவக்கோடு வருவார்கள் என்று கேட்கச் சொன்னார். அதை அப்படியே கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. எத்தனை பொலிஸ்காரர் வருவார்கள் என்று மாற்றிக் கேட்டேன். ஒருவர் வருவார், மழை என்றால் காருக்குள்ளேயே இருப்பார் என்றார் பொலிஸ்காரர்.

வெளியே வந்து சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் அவர் நின்றுவிட்டார். முகத்தில் நிம்மதியைத் தேடினேன். காணவில்லை. “மாட்டன் எண்டு சொல்லிப் பழக்கமில்லாதவன் ஓம் எண்டு சொன்னா, அதுக்கு என்ன பெறுமதி, தம்பி?” என்றார். அன்றைக்கு அதை ஒரு விசித்திரமான மனிதரின் விசித்திரமான பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

முதலாவது கூட்டம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. அதை யாரும் யோசித்து வைக்கவில்லை. கூட்டம் என்றால் வெயில் தாழ்ந்து, வேலைவெட்டி முடித்து, பின்னேரம் நாலு மணிக்குத்தான் என்பது எங்கள் இரத்தத்தில் இருந்தது. சனிக்கிழமை மத்தியானத்தோடு இங்கே கடைகள் பூட்டிவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். கார்த்திகை மாதத்தில் நாலு மணிக்கு இருண்டுவிடும் என்பதும் தெரியும். இரண்டையும் கூட்டத்தோடு சேர்த்து நினைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. போய்ப் பார்த்தால் சதுக்கம் இருட்டிக் கிடக்கிறது. நாயோடு நடந்த ஒரு கிழவரைத் தவிர ஆள் இல்லை. பூட்டிய நகரசபைக் கதவைப் பார்த்து எங்கள் கோரிக்கையை ஒருவன் வாசித்தான். பொலிஸ் கார் மெதுவாக வந்தது, கண்ணாடியை இறக்கி, இனித்தான் தொடங்கப்போகிறீர்களா என்று கேட்டது, போய்விட்டது.

“சென்றி அண்ணை, ஆமி வந்தாலும் கடை பூட்டியெண்டு திரும்பிப் போயிடும்” என்றான் தவம்.

அவர் ஒருவருக்குத்தான் அந்தக் கூட்டத்தில் திருப்தி. விடுதிப் படியேறும்போது, ஒருத்தருக்கும் ஒன்றும் நடக்கவில்லைத்தானே என்று இரண்டு தரம் சொன்னார்.

இரண்டாவது கூட்டத்தைக் காலையில், சதுக்கத்தில் சந்தை கூடும் நேரத்தில் வைத்தோம். இந்த முறை ஒழுங்கு முழுவதும் அவருடையது. குவிந்து நிற்கக் கூடாது என்றார். குவிந்து நின்றால் ஒரு வெடிக்குப் பலர் விழுவார்கள், ஓடும்போது ஒருவரில் ஒருவர் இடறுவார்கள். ஆகவே ஒருவருக்குப் பின்னால் ஒருவராக, ஒரு கை தூரம் விட்டு, மதில் ஓரமாக நிற்க வேண்டும். பதாகைக்குத் தடி கூடாது. தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்குத் தடி துவக்காகத் தெரியும். மட்டையை நெஞ்சோடு பிடித்தால் போதும். கைதட்டக் கூடாது, தட்டினால் மற்றச் சத்தம் கேளாது. டென்மார்க்கில் ஆர் அண்ணை சுடப்போறது என்று யாராவது கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. ஊரிலிருந்து வந்து ஒரு வருடமோ இரண்டு வருடமோதான் ஆகியிருந்தது. அவர் சொன்னது எங்கள் கால்களுக்குச் சரியாகவே பட்டது.

அப்படியே நின்றோம். மதில் ஓரமாக, வாய் திறக்காமல், ஒரு நீண்ட வரிசை. ‘எங்கள் குடும்பங்களை வரவிடுங்கள்’ என்று பாதிரியாரின் மனைவி அழகான சின்ன எழுத்தில் டேனிஷில் எழுதித் தந்த மட்டைகள் எங்கள் நெஞ்சிலும், முன்னால் நின்றவரின் முதுகுக்குப் பின்னாலுமாக மறைந்திருந்தன. சந்தைக்கு வந்த சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. சிறிது நேரத்தில், சக்கரம் வைத்த சாமான் பையை இழுத்துக்கொண்டு ஒரு மூதாட்டி வந்தார். கடைசியாக நின்ற தவத்துக்குப் பின்னால், முறையாக ஒரு கை தூரம் விட்டு நின்றுகொண்டார். அவருக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒருவர் வந்து நின்றார்.

இங்கே என்ன விற்கிறார்கள் என்று மூதாட்டி தவத்தைக் கேட்டார். தவத்துக்குத் தெரிந்த டேனிஷ் ‘ஓம்’ என்பதற்கான சொல் மட்டும். அதைச் சொன்னான். ஹெரிங் மீனா என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றான்.

நான் ஓடிப்போய் விளக்கினேன். தொப்பிக்காரர் உடனே விலகிவிட்டார். மூதாட்டி மட்டையை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். பிள்ளைகளும் அங்கேயா என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் மட்டையைத் தவத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மீன் முடிந்துவிடும் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார். எங்கள் கூட்டத்தில் வந்து சேர்ந்த டேனிஷ்காரர் அவர் ஒருவர்தான்.

இதைச் சொல்லிச் சொல்லி விடுதியில் வாரக்கணக்காகச் சிரித்தார்கள். சமையலறையில் சோற்றுக்கு வரிசை நின்றால்கூட, “இது போராட்டமோ, சாப்பாடோ?” என்பார்கள். ஒழுங்கு செய்தவரும் ஒரு தரம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

அதே காலையில் வேறொன்றும் நடந்தது. உள்ளூர்ப் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் ஒருவர் சந்தைப் பக்கமிருந்து வந்து கமெராவைத் தூக்கினார். அதைக் கண்டதும் வரிசை முழுவதும், சொல்லிவைத்ததுபோல, மதில் பக்கம் திரும்பிவிட்டது. அவரும் திரும்பியிருக்கலாம். ஆனால் அவர் வெளியே பார்த்து நிற்பவர். கமெரா வந்த திசையைத்தான் அவர் காவல் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பத்திரிகையில் ஒரு வரிசை முதுகுகளும், அவற்றுக்கு நடுவே தெளிவாக ஒரே ஒரு முகமும் வந்தன.

நாங்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்தோம். நல்ல படம். கண் இமை தெரிந்தது. அவருடைய மனைவியும் மகளும் இருந்த ஊருக்குப் பக்கத்தில் ஆமி முகாம் இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அவர் சாப்பிடுவதைக் குறைத்துவிட்டார். நாலாம் நாள் என்னை அழைத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார். அங்கே ஒரு இளம்பெண் இருந்தாள். இந்தப் பத்திரிகையை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்க வந்திருக்கிறார் என்று சொன்னேன். அவள் முதலில் விளங்காமல் பார்த்தாள். விளங்கியதும் மிகுந்த கனிவோடு, அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: பயப்பட வேண்டாம், எங்கள் பத்திரிகை இந்த வட்டாரத்துக்கு மட்டும்தான், வடக்கே இருக்கிற ஓல்போர்க் நகரத்துக்குக்கூடப் போவதில்லை.

“வடிவாக் கேட்டியோ? ஓல்போர்க்குக்கும் போகாதாமோ?”

“போகாதாம், அண்ணை.”

அவருடைய தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினார். படியிறங்கும்போது, பாதிப் படியில், கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அப்ப ஆருக்குத்தான் தம்பி இதைச் சொன்னனாங்கள்?”

நான் ஒரு படி கீழே இறங்கி நின்றேன். “அங்கை எங்கடை கூட்டத்துக்குப் பயந்து சுட்டாங்கள். இஞ்சை பயப்பிட ஒருத்தருமில்லை” என்றார். பெருமையோ குறையோ அந்தக் குரலில் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று குறிக்கிற குரல். மூன்றாவது கூட்டம் வைக்கப்படவேயில்லை.

போன வருடம் என் மகள் கொபன்ஹேகனில் ஒரு ஊர்வலத்துக்குப் போனாள். அங்கே படிக்கிறாள். பயமில்லையா என்று தொலைபேசியில் தமிழில் கேட்டேன். எதுக்கு, அப்பா, சும்மா நிற்கிறதுதானே, இசையும் இருக்கிறது என்று டேனிஷில் சொன்னாள். இரவுச் செய்தியில் காட்டினார்கள். சதுக்கம் நிறைந்த சனம், எல்லாரும் மேடையைப் பார்த்து, கைகளை உயர்த்தி. ஓரங்களில் மஞ்சள் மேற்சட்டை போட்ட சிலர் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்து நின்றார்கள். ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தும் அந்தத் தொண்டர்களைப் பிற்காலத்தில் எங்கள் ஆட்களின் ஊர்வலங்களிலும் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய மேற்சட்டையின் முதுகில் மடித்து வைத்த கோடு ஒன்று செங்குத்தாகத் தெரிந்தது. நான் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டேன். அடுத்த நாள் செய்தியில் ஊர்வலத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. என்ன கேட்டுப் போனார்கள் என்பதை என் மகளும் அதன்பிறகு சொல்லவில்லை.

அண்ணைக்குச் செய்தி வந்தது பத்திரிகைப் படம் வந்து பல மாதங்களுக்குப் பிறகு. லண்டனிலிருந்து மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் விடுதித் தொலைபேசிக்கு எடுத்திருந்தார். அழைத்து வந்து கொடுத்தவன் நான். ஆகவே இது பார்த்தது. அவர் சுவரைப் பார்த்து நின்று, ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மகள் எங்கே நிற்கிறாள் என்று ஒரு தரம் கேட்டார். யார் சொன்னது என்று ஒரு தரம் கேட்டார். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு, தொலைபேசிக் கம்பி முறுகியிருந்ததைப் பிரித்து நேராக்கினார்.

படத்துக்கும் அவருடைய மனைவியின் சாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆமி வீடு தேடி வரவில்லை. அவள் தகப்பன் யார், புருசன் யார் என்று கொன்றவனுக்குத் தெரியாது. இதை அவரிடம் நாங்கள் பலர் மாறி மாறிச் சொன்னோம், ஆறுதல் என்று நினைத்து.

உடல் இல்லாத செத்தவீட்டைத் தேவாலய மண்டபத்தில் வைத்தோம். மேசையில் அவளுடைய கலியாணப் படமும் ஒரு குத்துவிளக்குக்குப் பதிலாகப் பாதிரியாரின் மனைவி வைத்த மெழுகுதிரியும். அன்றைக்கு வந்த சனத்தை ரண்டர்ஸில் அதற்கு முன் நான் கண்டதில்லை. படம் எடுப்பார்கள் என்று இரண்டு கூட்டத்துக்கும் வராதவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஓல்போர்க்கிலிருந்தும் கோல்டிங்கிலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். கதிரை போதாமல் சுவரோரம் நின்றார்கள், படிக்கட்டிலும் நின்றார்கள். செத்தவீட்டுக்குப் போக எங்களில் எவனுக்கும் பயமில்லை. ஊரில் எல்லாக் கூட்டத்தையும் தடைசெய்திருந்த நாட்களிலும் அது ஒன்றைத் தடைசெய்ய யாராலும் முடியவில்லை.

அவர் மேசைக்குப் பக்கத்தில், உள்ளே பார்த்து, சனத்துக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருந்தார். மேலங்கி போட்டிருக்கவில்லை. கைகள் முழங்காலில் இருந்தன. கோல்டிங்கிலிருந்து வந்த வயதான ஒருவர், எப்படி நடந்தது என்று கேட்டார். செத்தவீட்டில் கேட்க வேண்டியதை யாராவது கேட்கத்தானே வேண்டும்.

“மண்ணெண்ணெய்க்கு நிண்டவையாம். சங்கக்கடை மதில் ஓரமா” என்றார். “வரிசையாத்தான் நிண்டவை. ஒருத்தருக்குப் பின்னாலை ஒருத்தர், இடைவெளி விட்டு. நான்தான் கடிதத்திலை எழுதிவிட்டனான், எங்கை போனாலும் குவிஞ்சு நிக்காதை எண்டு.”

அவர் ஒரு விரலால் மேலே காட்டினார்.

“ஹெலியிலை வந்தவனுக்கு மேலையிருந்து பாக்கக் கூட்டம் மாதிரித் தெரிஞ்சிருக்கும்.”

சந்தைச் சதுக்கத்தில் நின்ற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தவம் எழும்பி, கோப்பி ஊற்றப் போவதுபோலச் சமையலறைக்குள் போய்விட்டான். அவர் தலையை உயர்த்தி, முன்வரிசையிலிருந்து படிக்கட்டுவரை, மெதுவாக எல்லாரையும் பார்த்தார். “இவ்வளவு பேர் இருக்கிறியளே இஞ்சை” என்றார்.

அதன்பிறகு அவர் ரண்டர்ஸில் அதிக நாள் இருக்கவில்லை. மகளைக் கூட்டிவரப் புறப்பட்டுப் போனார். அவர் போன பிறகு இரண்டு கதைகள் வந்தன. இரண்டும் கேட்டவை, ஒன்றுக்கொன்று முரணானவை. இரண்டையும் எழுதாமல் விடுகிறேன்.

பார்த்ததில் மிச்சம் ஒன்று இருக்கிறது. அந்தச் செத்தவீட்டில் பட்டினத்தார் பாடலை ஒருவர் தொடங்கியபோது, கதவடியில் அவர் வழக்கமாக நிற்கும் இடம் வெறுமையாக இருப்பது என் கண்ணில் பட்டது. அத்தனை பேரும் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதுகு கூசியது. எழும்பிப் போய்க் கண்ணாடிக் கதவைப் பார்த்து நின்றேன். வெளியே படிக்கட்டில் நின்றவர்களின் தலைகளுக்கு அப்பால் ஈரமான தெரு. ஒரு பெண் சைக்கிளில் போனாள். தெரு மறுபடி வெறுமையாயிற்று. பாட்டு முடிந்த இடைவெளியில் பின்னாலிருந்து அவருடைய குரல் கேட்டது.

“தம்பி, வந்து இரு. ஒருத்தரும் வரமாட்டினம்.”

நான் திரும்பவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.